எட்டுக் கதிரைகளும் ஒரு கம்பளித் துணியும்

அக்கா,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒரு மனிதருடைய கோட்டை மணந்து பார்த்தேன்.

தற்செயலாக மூக்கில் பட்டது என்று சொல்லித் தப்பலாம். உங்களுக்குப் பொய் எழுதி என்ன பலன்? டூட்டிங்கில் நல்ல லண்டன் மழை. அவர் நனைந்த கம்பளிக் கோட்டோடு ஏறி எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார். ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்ததில் உள்ளே ஒரே புழுக்கம். கொஞ்ச நேரத்தில் ஈரக் கம்பளி மணம் மெல்ல எழும்பி வந்தது. நனைந்த ஆடு, அடுப்புப் புகை, கொஞ்சம் சவர்க்காரம். உங்களுடைய மணம். நான் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் சாய்ந்தேன். எவ்வளவு சாய்ந்தேன் என்பது பஸ் பிரேக் போட்டபோதுதான் தெரிந்தது. மூக்கு அவர் தோளில் முட்டியது. அவர் திரும்பிப் பார்த்தார். "சொறி" என்றேன். அதோடு நிறுத்தாமல், "நல்ல கோட்" என்றும் சொன்னேன். அடுத்த தரிப்பில் அவர் இறங்கிவிட்டார். அது அவருடைய தரிப்பு இல்லை என்றே நினைக்கிறேன். மழைக்குள் நின்று அடுத்த பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நீங்கள் இருந்திருந்தால் பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்திருப்பீர்கள். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஆறாம் வகுப்புப் படிப்பு. ஆங்கிலத்தில் கடிதம் எழுத வராது. உங்களுக்குத் தமிழில் தெரிந்தது மூன்றே சொல்: அக்கா, சோறு, சும்மா. அப்படியானால் இதை உங்களுக்கு யார் வாசித்துக் காட்டுவது? அது உங்கள் பாடு. நீங்கள் போயிருக்கிற இடத்திலும் எங்கள் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவராவது முதலே போய், ஒரு கடையும் போட்டிருப்பார். நாங்கள் போகாத இடம் இல்லை. அவரைப் பிடியுங்கள்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தில் நீங்கள் என் தமிழில்தான் பேசுவீர்கள். உங்கள் ஸ்கொட்லாந்துத் தீவு ஆங்கிலத்தில் பாதிதான் எனக்கு விளங்கியது. மற்றப் பாதியை நானே போட்டு நிரப்பிக்கொள்வேன். ஏழு வருடம் அப்படித்தான் கதைத்தோம், ஒரு சண்டையும் வரவில்லை. இனி ஆட்சேபம் சொல்ல உங்களுக்கு வழியும் இல்லை.

முதல் நாள் நினைவிருக்கிறதா? நான் அந்தச் சமூக மண்டபத்தில் திங்கள், புதன், வெள்ளி கூட்டித் துடைக்கிறவள். பின் அறை உங்கள் சங்கத்துக்கு என்று மட்டும் தெரியும். உள்ளே பெட்டி பெட்டியாகப் பாவாடைகள், நூல் நூற்கிற ராட்டினங்கள், ஓட்ஸ் ரொட்டி சுடுகிற இரும்புத் தட்டு. எதற்கு இந்தப் பழசெல்லாம் என்று நினைப்பேன். ஸ்கொட்லாந்துச் சனங்கள் முந்தி எப்படி உடுத்தார்கள், எப்படிச் சுட்டுத் தின்றார்கள், எப்படிக் கம்பளி செய்தார்கள் என்பதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டாமல், லண்டன் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய், உடுத்தி, சுட்டு, செய்து காட்டுகிற தரும சங்கம் அது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. வரலாற்றை வாழ்ந்து காட்டுவது என்று நீங்கள் சொல்வீர்கள்.

ஒரு திங்கட்கிழமை அந்த அறையில் ஒரு தொட்டிக்குள் துணி கிடந்தது. சாக்கு மாதிரித் தளர்ந்த நெசவு. எண்ணெய்ப் பிசுபிசுப்பு. ஆட்டுக் கொட்டில் நாற்றம். இரண்டு தலைப்பையும் சேர்த்துத் தைத்து வளையமாக வேறு விட்டிருந்தார்கள். பாவம், வயதான மனிசி, தோய்த்துக் கொடுக்க ஆள் இல்லை போல என்று எனக்கு மனம் இளகிவிட்டது. பைக்குள் அமுக்கி, லோண்டரிக்குக் கொண்டுபோய், பெரிய மெஷினில் போட்டேன். கடைசிச் சூடு. இரட்டைப் பங்கு பவுடர். ரோசாப்பூ மணத் தண்ணீரும் விட்டேன். வெளியே எடுத்தால் துணி பாதியாகி, கால்மிதி மாதிரித் தடித்து வந்தது. அழகாக மடித்துத் தொட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை மண்டப வாசலில் நீங்கள் நின்றீர்கள். கையில் அந்தத் துணி.

"ஆர் இதைச் செய்தது?"

"நான்தான். நாறிச்சுது. தோய்ச்சுப்போட்டன்."

"எவ்வளவு சூட்டில?"

"கடைசிச் சூட்டில."

நீங்கள் துணியைக் கதவில் வைத்து நடுவிரலால் அளந்தீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் நின்றது. "நாளைக்கு எட்டுப் பொம்பிளையள் மேசையைச் சுத்தி இருந்து, ரெண்டு மணித்தியாலம் பாட்டுப் பாடி, அடிச்சடிச்சுச் சுருக்கவேண்டிய துணி இது. தறியால வந்த கம்பளியை அப்பிடி அடிச்சாத்தான் நூல் இறுகிக் குளிர் தாங்கும். நீ ஒரு மெஷினோட தனிய முடிச்சுப்போட்டாய்."

"அப்ப உங்களுக்கு வேலை மிச்சம்தானே?"

நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு துணியை மூக்கில் வைத்தீர்கள். ரோசாப்பூ மணத்தது. அப்போது வந்தது அந்தச் சிரிப்பு. மண்டபப் பொறுப்பாளர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார்.

"நல்லகாலம், இன்னொரு துணி இருக்கு," என்றீர்கள். "நாளைக்கு எனக்கு ஒரு ஆள் குறையுது. தண்டனையா நீ வாறாய்."

அப்படித்தான் அக்கா, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைவிட்ட நான் லண்டனில் மாதம் இரண்டு பள்ளிக்கூடம் ஏறி இறங்கத் தொடங்கினேன். தடித்த பாவாடை, ஏப்ரன், தலையில் ஒரு துண்டு. முதல் நாளே ஒரு சின்னப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கள் ஸ்கொட்லாந்தா?" என்று கேட்டாள். "செவ்வாயும் வியாழனும் மட்டும்," என்றேன். நீங்கள் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டீர்கள்.

மேசைக்கு உங்கள் தீவில் இருந்து வந்த சட்டங்கள் இருந்தன. நனைந்த துணி சூரியன் போகிற பக்கமாகத்தான் சுற்றவேண்டும். இழுத்து, தள்ளி, மேசையில் அடித்து, இடப்பக்கத்து ஆளிடம் கொடுக்கவேண்டும். மறுபக்கம் போனால் செய்தது எல்லாம் கெட்டுப்போகும். "எங்கட தேரும் அந்தப் பக்கந்தான் போகும்," என்று சொன்னேன். "பின்ன வேற எந்தப் பக்கம் போறது?" என்றீர்கள், ஏதோ நீங்கள்தான் வடம் பிடித்த மாதிரி. ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடவேண்டும். ஒரு துணிக்கு ஒரு பாட்டை இரண்டு தரம் பாடக்கூடாது. ஏன் என்று கேட்டேன். "சொன்ன கதையையே திருப்பிச் சொன்னா நீ இருந்து கேப்பியோ? துணி மட்டும் ஏன் கேக்கவேணும்?" என்றீர்கள்.

சுருங்கிவிட்டதா என்று அளப்பது நடுவிரலால். அதுவும் பழைய முறைதான். ஆனால் இருநூறு பிள்ளைகளுக்கு முன்னால், "அந்தக் காலத்தில் அளவுகோல் இதுதான்" என்று நீங்கள் நடுவிரலைத் தனியாக உயர்த்திக் காட்டும்போது ஆசிரியர்களின் முகம் போகிற போக்கு இருக்கிறதே! அவர்கள் நெளிவது தெரிந்தே நீங்கள் இன்னும் கொஞ்சம் உயர்த்துவீர்கள்.

பிறகு ஜாடி. மண்ணிற ஜாடியைத் தூக்கித் துணியில் ஊற்றிக்கொண்டு, "இது என்ன தெரியுமா?" என்பீர்கள். அந்தக் காலத்தில் சாயம் பிடிக்கவும் எண்ணெய் போகவும் ஊர் முழுக்க வீடு வீடாகச் சேர்த்து, நாள்பட வைத்த மூத்திரத்தில்தான் கம்பளியை ஊறவைப்பார்கள் என்று சொன்னதும் மண்டபமே கூரை கிளம்பக் கத்தும். மூக்கைப் பிடிப்பார்கள், தரையில் உருளுவார்கள். உண்மையில் ஜாடிக்குள் இருப்பது ஆறின வெறுந்தேத்தண்ணி, மணத்துக்கு ஒரு கரண்டி வினாகிரி. ஊற்றிக் கொண்டுவருவது நான். சங்கத்தில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அதுதான்: மூத்திரப் பொறுப்பாளர். நீல ஜாடியில் பிள்ளைகளுக்கு ஆப்பிள் ஜூஸ், மண்ணிற ஜாடியில் மற்றது. ஏழு வருடத்தில் ஒருநாளும் மாறவில்லை.

ஆனால் கதிரைகள் காலியாகிக்கொண்டு வந்தன. ஒருவர் மகளோடு இருக்கப் போனார். ஒருவருக்கு இடுப்பு எலும்பு. ஒருவர் போயே போய்விட்டார். கடைசியில் நீங்கள், நான், உங்கள் சங்கத்துச் சிவப்புத் தலைமயிர் அம்மா, மூன்றே பேர். மூன்று பேர் அடித்தால் துணி சுற்றாது, ஆளை ஆள் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

அப்போதுதான் சங்கத் தலைவர் வந்தார். நல்ல மனிதர். ஆனால் தூங்கும்போதும் கழுத்துப் பட்டி கட்டுவாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"மேசையை எடுத்துவிட்டு ஒரு திரை போடலாம்," என்றார். "பழைய படங்களைக் காட்டலாம். ஒரு மெஷின் நாற்பது நிமிடத்தில் செய்கிற வேலைக்கு எட்டுப் பேரை எங்கே தேடுவது?"

அந்த நாற்பது நிமிடக் கதை அவருக்கு எப்படித் தெரியும்? உங்களால்தான். போகிற விருந்தெல்லாம் என் லோண்டரிக் கதையைச் சொல்லிச் சிரித்தது நீங்கள்தானே. கடைசியில் அதுவே உங்கள் மேசைக்கு உலை வைத்தது. எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

நீங்கள் விடவில்லை. "மெஷினோட இருந்து ஆரும் வம்பளந்தவையோ? மெஷினுக்குப் பக்கத்தில இருந்து பிள்ளையள் ஆரும் பாட்டுப் படிச்சவையோ? ஒக்டோபரில பள்ளிக்கூட நாள் இருக்கு. எட்டுக் கதிரையும் நிரம்பாட்டி உங்கட திரையைப் போடுங்கோ."

அவர் போனபின் பின் அறையில் கம்பளிக் கூடைமேல் உட்கார்ந்தீர்கள்.  அவிழ்ந்த ஒரு நூலை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தீர்கள்.

"பிலோ," என்றீர்கள் பிறகு, "நான் தீவை விட்டு வரேக்க ஒரு பெட்டியும் கொண்டு வரேல்ல. அந்த மேசைதான் நான் கொண்டு வந்தது."

"கதிரையை நான் நிரப்புறன்," என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. வாய் முந்திவிட்டது.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயில் மண்டபத்தில் பற்றிஸும் தேத்தண்ணியும் கொடுக்கிற நேரம் றீற்றாவைப் பிடித்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே அவளை. ஹவுன்ஸ்லோவில் இருந்து ஹீத்ரோ விமான நிலையச் சமையலறைக்கு வேலைக்குப் போகிறவள். அவள் கதைத்தால் பிளேன் இரைச்சல் கேட்காது.

"எடி, வெள்ளைக்காரியளின்ர கம்பளியை நான் ஏன்டி அடிக்கவேணும்? வீட்டில அந்தோனி இருக்கிறார், அவரை அடிக்கவே எனக்கு நேரமில்ல."

"பாட்டும் பாடலாம், றீற்றா."

"என்ன பாட்டு?"

"விளங்காது."

"விளங்காத பாட்டை எப்பிடியடி பாடுறது?"

"சின்னனில ஆசீர்வாதத்துக்கு லத்தீன் பாட்டு விளங்கியே பாடினனி?"

அவள் பற்றிஸைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "சரி. அங்க வம்பளக்கலாமோ?"

"அதுக்குத்தானே மேசை."

"அதையெல்லோ முதல் சொல்லியிருக்கவேணும்!"

தன்னோடு சேர்த்து ஐந்து பேராக வந்தாள். மச்சாள்மார் மூன்று பேர், குட்மேய்ஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற திலகம். திலகம் சைவ சமயம். "பாதர் ஏசமாட்டாரோ?" என்று அவள் கேட்க, "பாதருக்கு ஒரு கம்பளி அடிச்சுக் குடுப்பம்," என்றாள் றீற்றா. உங்களோடும் என்னோடும் சிவப்புத் தலைமயிர் அம்மாவோடும் சேர்ந்து எட்டு.

பழகின முதல் நாள் உங்கள் முகத்தை நான் மறக்கமாட்டேன். றீற்றா துணியைத் தூக்கி, கிணற்றடிக் கல்லில் அடிக்கிற மாதிரி ஓங்கி அடித்தாள். தேத்தண்ணி கூரைவரை தெறித்தது.

"மெல்ல, மெல்ல! அது ஊத்தைத் துணி இல்ல," என்றீர்கள்.

"மெல்ல அடிக்கிறதெண்டா என்னை ஏன் கூப்பிட்டனியள்?"

அதை நான் உங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், பாதிதான் சொன்னேன். மற்றப் பாதியை நீங்களே போட்டு நிரப்பிக்கொண்டு சிரித்தீர்கள். உங்கள் தீவின் கேலிக் மொழிப் பாட்டுகளைத் திலகம் கடைப் பில்லின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி, மிளகாய்த்தூள் மூட்டைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துப் பாடமாக்கினாள். வாடிக்கையாளர் ஒருவர், "இது என்ன தேவாரம்?" என்று கேட்டாராம்.

ஒக்டோபர் வந்தது. பள்ளிக்கூடம் குட்மேய்ஸில். தலைவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜாடி ஊற்றியாயிற்று, பிள்ளைகள் கத்தியாயிற்று, துணி சுற்றத் தொடங்கியது. எட்டுச் சோடிக் கை. அடிக்கிற அடியில் மண்டப ஜன்னல் அதிர்ந்தது. நீங்கள் பாட்டெடுத்தீர்கள், நாங்கள் பின்னால் போனோம். ஒன்று, இரண்டு, மூன்று. ஆனால் கோடை முழுக்க உங்களை விடாத இருமல் ஐந்தாவது பாட்டில் பிடித்துக்கொண்டது. குரல் அடைத்துவிட்டது. சிவப்புத் தலைமயிர் அம்மாவுக்குத் தெரிந்தது இரண்டு பாட்டு. அவையும் முடிந்தன.

நீங்கள் விரலை வைத்து அளந்தீர்கள். பிள்ளைகள் சேர்ந்து எண்ணினார்கள். ஒன்பது விரல். எட்டுக்கு வரவேண்டும். இன்னும் ஒரு விரல் இருக்கிறது.

கைகள் நின்றுவிட்டன. ஈரத் துணி மேசையில் கிடந்தது. தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"முதல் பாட்டைத் திரும்பப் பாடுவோமா?" என்று சிவப்புத் தலைமயிர் அம்மா மெல்லக் கேட்டார். நீங்கள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டீர்கள். மேசை போனாலும் போகட்டும், சட்டம் போகக்கூடாது. அப்படி ஒரு பிடிவாதம். ஆனால் துணியை விட்டு நீங்கள் கையை எடுக்கவில்லை.

அப்போது என் இடப்பக்கத்தில் இருந்து வந்தது:

"ஏலேலோ... ஐலசா!"

றீற்றா. அவளுடைய அப்பா ஊரில் கரைவலைச் சம்மாட்டி, வலையும் ஆட்களும் வைத்திருந்த முதலாளி. வலை இழுக்கும்போது ஒருவர் எடுக்க, நாற்பது பேர் வாங்கிப் பாடுகிற அம்பாப் பாட்டு. நாங்கள் பெண்கள் வலை இழுத்ததில்லை. கூடையோடு கரையில் நிற்போம். ஆனால் பாட்டு காதுக்குள் போய் இருந்துவிட்டது போல. "ஐலசா!" என்று எங்கள் வாய் தானாகத் திறந்தது. கை தானாக இழுத்தது. துணி சுற்றத் தொடங்கியது. அம்பா தெரியாத திலகம் எல்லா இடத்திலும் அரைத் தாளம் பிந்தி, "லசா!" என்று கத்தினாள்.

வலைப் பாட்டில் அடுத்த அடியை அந்தந்த நேரம் கட்டிப் பாடுவதுதான் வழக்கம். றீற்றா சுற்றிப் பார்த்தாள். பின்னால் தலைவர் தெரிந்தார்.

"கழுத்துப் பட்டி கட்டின துரை... ஏலேலோ!
கையைக் கட்டி நிக்கிறார்... ஐலசா!
பட்டியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டா... ஏலேலோ!
பாவம் மனிசன் மூச்சு விடுவார்... ஐலசா!"

குட்மேய்ஸ் பள்ளிக்கூடம் அக்கா. வகுப்பில் கால்வாசி எங்கள் பிள்ளைகள். முதலில் ஒரு மூலையில் ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு அந்தப் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் போனது. பிறகு எல்லாரும் சேர்ந்து "ஐலசா!" நாங்கள் எட்டுப் பேர் இல்லை, இருநூறு பேர் இழுத்தோம் அந்தத் துணியை.

தலைவர் கிட்ட வந்து, "என்ன பாடுகிறார்கள்?" என்று உங்களிடம் கேட்டார். ஒரு சொல்லும் விளங்காத நீங்கள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "கடலைப் பற்றி," என்றீர்கள்.

"ஆனால் இது ஸ்கொட்லாந்துப் பாட்டு இல்லையே?"

நீங்கள் விரலை வைத்து அளந்தீர்கள். எட்டு. "துணி ஒண்டும் சொல்லேல்லையே," என்றீர்கள், அடைத்த குரலில்.

அடுத்த கூட்டத்தில் திரையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பாட்டின் உண்மையான அர்த்தத்தை உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் ரயில் மேடையில் உட்கார்ந்துவிட்டீர்கள். இரண்டு ரயில் விட்டுத்தான் போனோம்.

அந்த இருமல் வெறும் இருமல் இல்லை என்று மாரிக்குளிரில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் உங்களைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. ஆனால் ஒன்று எழுதத்தான் வேண்டும். அடித்து முடித்த துணியைப் போர்வையாக்கிக் கொண்டுவந்து காலில் போட்டேன். நர்ஸ், "இது என்ன மணம்?" என்று மூக்கைச் சுழித்தார். "இவ பழைய முறையில தோய்ச்சது," என்று என்னைக் காட்டினீர்கள். மூச்சுக்குக் குழாய் போட்டும் வாய் அடங்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்து, "என்ர கதிரையில நீ இரு. உன்ர கதிரைக்கு ஆளைப் பிடி. எட்டுக் குறையக்கூடாது," என்றீர்கள். "பெட்டிக்கு மேல இதைப் போடுங்கோ, ஆனா என்னோட தாட்டுப்போடாதேங்கோ. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் இருக்கு."

"ஓம்" என்றேன். 

சரி, செத்தவீட்டுக் கதைக்கு வருகிறேன், நீங்கள் காத்துக்கொண்டு இருப்பீர்கள். போர்வை பெட்டிமேல் கிடந்தது. பாதிரியார் செபம் சொன்னார். தலைவர் எழுந்து, உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "அவருக்கு மிகவும் பிடித்த அந்தப் பாட்டை, அந்தக் கடற்பாட்டை, ஒருமுறை பாடுவீர்களா?"

நான் றீற்றாவைப் பார்த்தேன். றீற்றா என்னைப் பார்த்தாள். எழுந்து நின்றோம். கையைக் கோத்துக்கொண்டு, கோயில் பாட்டு மாதிரி இழுத்து இழுத்து, அவருடைய கழுத்துப் பட்டியைப் பற்றிப் பாடினோம். ஒரு சொல்லும் மாற்றவில்லை. தலைவர் அழுதார். திலகம் பிந்தித்தான் "லசா" சொன்னாள். பிறகு வெளியே வந்து, "வேற சொல் போட்டிருக்கலாமேயடி?" என்று கேட்டேன். "அவர் கேட்டது அந்தப் பாட்டை," என்றாள் றீற்றா. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், அழுதோம், எது எப்போது என்று தெரியவில்லை.

இனி இன்றைய கதை. இன்று உங்கள் கதிரையில் நான் முதல் முறையாக இருந்தேன். பஸ்ஸில் அந்த மனிதரை மணந்தது அங்கே போகிற வழியில்தான். மடியில் புதுத் துணி, பையில் ஜாடிகள். கவுன்சில்காரர் நம் மண்டபத்தின் பின் அறையை வேறு யாருக்கோ கொடுக்கப் போகிறார்களாம். நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்த்து முடிவு சொல்ல ஒரு கவுன்சிலர் பள்ளிக்கூடத்துக்கே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அறை போனால் மேசைக்கு இடமில்லை. அதோடு இன்று காலைவரை எனக்கு ஏழு கதிரைக்குத்தான் ஆள். கோயில் முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் ஷிப்ட்.

ஒன்பதரைக்குத் தலைவர் வந்தார். எட்டாவது கதிரையைப் பார்த்தார். "அந்தக் காலத்தில் ஆண்கள் இதில் இருப்பதில்லைதான்," என்று இழுத்தார்.

"அந்தக் காலத்தில நாங்களும் இருக்கேல்ல," என்றேன்.

அவர் கோட்டைக் கழற்றினார். பிறகு, அக்கா, கழுத்துப் பட்டியைக் கழற்றி, சுருட்டி, பையில் வைத்தார்.  இனி எதை வைத்துப் பாடுவது என்று றீற்றாவுக்குக் கவலை.

பாட்டெடுக்க வாய் திறந்தபோது எனக்கு உங்கள் பாட்டு ஒன்றும் வரவில்லை. விரலை மேசையில் வைத்தேன், சும்மா, அளப்பது போல. எனக்கு இப்போது எல்லாவற்றையும் நடுவிரலால் அளக்கிற பழக்கம் வந்துவிட்டது. மேசை, கதவு, மீன் துண்டு, ஒருநாள் பஸ் இருக்கையையும் அளந்து பக்கத்தில் இருந்தவரிடம் ஏச்சு வாங்கினேன். விரலை வைத்ததும் பாட்டு வந்தது. குரல் அவ்வளவு நன்றாக இல்லை. ஆனால் துணி சுற்றியது, சூரியன் போகிற பக்கமாக. எட்டுச் சோடிக் கை. தலைவர் முதலில் மறுபக்கம் தள்ளினார். திலகம் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு சரியாகிவிட்டது. ஒன்பது பாட்டுப் பாடினோம், ஒன்றையும் இரண்டு தரம் பாடவில்லை. எட்டு விரலில் நின்றது.

கவுன்சிலர் கடைசிவரை இருந்து பார்த்தார். அறை உங்களுக்குத்தான், கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதைத்தான் உங்களுக்கு முதல் வரியிலேயே எழுதியிருக்கவேண்டும். எழுதினால் மற்றதை வாசிக்கமாட்டீர்கள் என்று வைத்திருந்தேன்.

அவர் போனபின் மேசையைத் துடைக்கும்போது கை ஒட்டியது. அடித்து முடித்த கம்பளித் துணியை மணந்து பார்த்தேன். ஆப்பிள் மணந்தது. நீல ஜாடி போன மாதம் உடைந்துவிட்டதால் இரண்டும் இப்போது ஒரே நிற ஜாடி. நான் தலைமைக் கதிரைக்குப் போனதில் என் பழைய பதவிக்கு ஆள் போட மறந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு இன்னும் ஊற்றவில்லை, அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம். கவுன்சிலருக்கு விருந்தாளி என்று முதலிலேயே மற்ற ஜாடியில் இருந்து ஊற்றியாயிற்று. இரண்டு கப் குடித்தார். பழைய முறையில் செய்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். மூன்றாவது கப் கேட்டபோது ஜாடி முடிந்திருந்தது.

பிலோ